எந்தக் கலையை வகுப்புக்குள் கொண்டுபோவது? முத்திரைகளைக் கழற்ற நினைக்கும் ஆசிரியருக்கு ஓர் ஒப்பீடு

பள்ளி ஆண்டு விழாக்களில் மாறுவேடப் போட்டி நடக்கும். பாரதியார் வருவார், ஜான்சி ராணி வருவார், அப்துல் கலாம் வருவார். அவர்களுக்கு நடுவே பாசிமணி மாலையும் தோளில் துணி மூட்டையுமாக ஒரு பிள்ளை மேடையேறி, "சாமியோவ்..." என்று இழுத்துப் பேசும். பந்தலே சிரிக்கும். பரிசும் கிடைக்கும். நரிக்குறவர் குடியிருப்பிலிருந்து வந்து அதே பள்ளியில் படிக்கிற பிள்ளை அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தால் அந்தச் சிரிப்பு எப்படி உறைக்கும் என்று ஏற்பாடு செய்தவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள். குறவன் குறத்தி ஆட்டம் குறவர் சமூகத்தையே இழிவுபடுத்துகிறது என்ற நெடுநாள் புகாருக்குப் பிறகு 2023இல்தான் தமிழக அரசு அதைக் கலைகளின் பட்டியலிலிருந்து நீக்கியது. பள்ளி மேடைகளுக்கு அந்தச் செய்தி இன்னும் முழுசாக வந்துசேரவில்லை.

வகுப்பில் கலையைக் கொண்டுவந்தால் பிள்ளைகளிடம் பரிவு வளரும் என்று பயிற்சி முகாம்களில் பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். கலை நம் பள்ளிகளில் ஏற்கெனவே இருக்கிறது. அது பிள்ளைகள் மேல் குத்தப்பட்ட முத்திரையைக் கழற்றவும் செய்யும், இன்னும் அழுத்திக் குத்தவும் செய்யும். எந்தக் கலை, யார் கையில், எந்த வரிசையில் என்று முடிவெடுத்தாக வேண்டும். அந்த முடிவுக்கு உதவத்தான் இந்த ஒப்பீடு.

இது சாவகாசமாகப் பேசும் விஷயமும் இல்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு படித்த தலித் மாணவரை, அவரோடு படித்த பிள்ளைகளே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு. அதையடுத்து அமைக்கப்பட்ட நீதியரசர் கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. மாணவர்கள் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கட்டக் கூடாது என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. கயிற்றை அறுத்துவிடலாம். கயிறு கட்டச் சொன்ன மனசை என்ன செய்வது என்று தெரியாமல்தான் பல ஆசிரியர்கள் தவிக்கிறார்கள்.

நான் மனதில் வைத்திருப்பது ஓர் அரசு நடுநிலைப் பள்ளி. ஆறு முதல் எட்டு வரை, வகுப்புக்கு முப்பத்தைந்து, நாற்பது பிள்ளைகள். ஓவிய ஆசிரியர் இல்லை, அல்லது வாரத்தில் சில அரை நாள் வந்துபோகும் பகுதிநேர ஆசிரியர். வாரம் ஒரு பீரியட், ஒரு பருவம் முழுக்க. கையில் சில ஆயிரம் ரூபாய். இதற்குள் எதைச் செய்யலாம்? படம் பார்த்துப் பேசுவது, தாங்களே வரைவது, நாடகம், கூட்டு இசை, கேமரா. இவை ஐந்தும்தான் நடைமுறையில் கைக்கு எட்டுகிறவை.

ஒவ்வொன்றையும் நான் ஒரே கேள்வியால் அளக்கிறேன். இந்தக் கலையைச் செய்யும்போது வகுப்பின் நடுவில் யார் நிறுத்தப்படுகிறார்கள்? ஏற்கெனவே கேலிக்கு ஆளாகிற பிள்ளையையே நடுவில் நிறுத்தி, அந்தப் பிள்ளையின் வலியைக் காட்டித்தான் மற்றவர்களுக்குப் பரிவு சொல்லிக்கொடுக்க முடியும் என்றால் அந்த வழி வேண்டாம். மற்றவர்களின் பாடத்துக்கு அந்தப் பிள்ளை விலை கொடுக்கக் கூடாது.

முதலில் தள்ளிவைக்க வேண்டியது

டிசம்பர் 3, உலக மாற்றுத்திறனாளிகள் தினம் வந்தால் பல பள்ளிகளில் பிள்ளைகளின் கண்ணைக் கட்டி நடக்கவிடுகிறார்கள். "அவர்கள் படும் கஷ்டம் புரியட்டும்" என்பது நோக்கம். அமெரிக்காவில் 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வு இந்த வகைப் பாவனைப் பயிற்சிகளைச் சோதித்தது. கலந்துகொண்டவர்களுக்கு இரக்கம் கூடியது. கூடவே பயமும், தனக்கும் இப்படி ஆகிவிடுமோ என்ற கலக்கமும், இயலாமை உணர்வும் கூடின. மாற்றுத்திறனாளிகளோடு பழகும் மனப்பான்மை மேம்படவில்லை. யோசித்தால் விளங்கும். கண்ணைக் கட்டிய பிள்ளை அனுபவிப்பது பார்வை போன முதல் ஐந்து நிமிடத்தை. பார்வையற்ற ஒருவர் வருஷக்கணக்காகப் பழகிச் சம்பாதித்த லாவகம் அதில் துளியும் இல்லை.

அமெரிக்க ஆசிரியை ஜேன் எலியட்டின் பயிற்சியும் இந்த ரகம்தான். மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட மறுநாள், 1968 ஏப்ரல் 5 அன்று, அயோவா மாநிலத்தின் ரைஸ்வில் என்ற சிற்றூரில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைக் கண்ணின் நிறத்தை வைத்து இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவை உயர்த்தியும் மற்றதைத் தாழ்த்தியும் நடத்தினார் அவர். உலகம் முழுக்கப் பேசப்பட்ட வகுப்பு அது. அவருடைய துணிச்சலை மதிக்கிறேன். ஆனால் நம் வகுப்பில் அதைச் செய்யச் சொல்ல மாட்டேன். பிரித்து நடத்தப்படுவதை அன்றாடம் அனுபவிக்கிற பிள்ளைக்கு அதை இன்னொரு தடவை, அதுவும் டீச்சர் கையால், கொடுப்பதில் என்ன நியாயம்?

படம் பார்த்துப் பேசுவது

இருப்பதிலேயே செலவு குறைந்ததும் ஆபத்துக் குறைந்ததும் இதுதான். நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் கல்விப் பிரிவை நடத்திய பிலிப் யெனவைனும், உளவியலாளர் அபிகேல் ஹவுசனும் வகுத்த முறை ஒன்று இருக்கிறது. மூன்றே கேள்விகள். இந்தப் படத்தில் என்ன நடக்கிறது? எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்? வேறென்ன தெரிகிறது? ஆசிரியர் விடை சொல்வதில்லை, சரி தப்பு சொல்வதில்லை. பிள்ளை சொன்னதைத் திருப்பிச் சொல்லி, படத்தில் அந்த இடத்தைக் கைகாட்டிவிட்டு அடுத்த பிள்ளையிடம் போகிறார்.

மெரினாவில் நிற்கும் உழைப்பாளர் சிலையின் புகைப்படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னை ஓவியப் பள்ளிக்குத் தலைமையேற்ற முதல் இந்தியரான தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது. 1959இல் நிறுவப்பட்டது. பெரும்பாலான பிள்ளைகள் ஏதோ ஒரு படத்திலாவது அதைப் பார்த்திருப்பார்கள், ஆனால் உற்றுப் பார்த்திருக்க மாட்டார்கள். ஸ்மார்ட் போர்டில் போட்டுவிட்டு இரண்டு நிமிடம் யாரும் பேசாமல் பார்க்கச் சொல்லலாம். நாலு பேர் பாறையைப் புரட்டுகிறார்கள் என்பதில் தொடங்கும். எல்லோரும் ஒரே பக்கமாகத் தள்ளுகிறார்களா, முகம் தெரிகிறதா, உடம்பில் எங்கே நரம்பு புடைத்திருக்கிறது என்று போகும். "இவங்க கூலிக்காரங்க" என்று ஒருவன் சொல்வான். எதைப் பார்த்துச் சொல்கிறாய்? "சட்டை போடலையே." வயலில் உன் தாத்தா சட்டை போட்டுக்கொண்டா வேலை செய்கிறார் என்று இன்னொருவன் கேட்பான். பேச்சு நன்றாகப் போனால், பொம்பளை ஒருத்தரும் இல்லையே என்று ஒரு பெண் பிள்ளையே கேட்டுவிடும். கேட்காவிட்டால் அடுத்த வாரம் கட்டட வேலையில் சித்தாள்கள் செங்கல் சுமக்கும் புகைப்படத்தைப் பக்கத்தில் வைத்தால் போதும்.

உயிர் இரண்டாவது கேள்வியில்தான் இருக்கிறது. "இவன் திருடன் மாதிரி இருக்கான்" என்று ஒரு பிள்ளை சொல்லும்போது அதட்டினால் அந்த எண்ணம் உள்ளே போய் ஒளிந்துகொள்ளும். எதைப் பார்த்து என்று கேட்டால் பிள்ளை தன் காரணத்தைத் தானே வெளியே எடுத்து வைக்க வேண்டும். வகுப்பும் அதைக் கேட்கிறது, அந்தப் பிள்ளையும் கேட்கிறது. ஓர் எச்சரிக்கை உண்டு. "கருப்பா இருக்கான்ல" என்று பதில் வந்துவிட்டால் வகுப்பில் கருப்பாக இருக்கும் பிள்ளையின் மேல் எல்லார் கண்ணும் திரும்பும். அந்த நொடியில் ஆசிரியர் சும்மா இருக்கக் கூடாது. "நிறம் படத்தில் இருக்கிறது. திருடன் என்பது படத்தில் எங்கே இருக்கிறது, காட்டு" என்று கண்களைத் திரும்பப் படத்துக்குக் கொண்டுவர வேண்டும். இதற்காகத்தான் முதல் படத்தை யோசித்துத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறேன்.

இதற்குச் சான்று இருக்கிறதா? அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் கிரிஸ்டல் பிரிட்ஜஸ் என்ற கலை அருங்காட்சியகம் 2011இல் திறந்தபோது, சுற்றுலா வர விண்ணப்பித்த பள்ளிகள் இடத்தைவிட அதிகம். குலுக்கலில் சிலருக்கு முதலில் வாய்ப்பு, சிலருக்குப் பிறகு. ஜே கிரீனும் உடன் ஆய்வாளர்களும் இந்தக் குலுக்கலைப் பயன்படுத்தி, ஏறக்குறைய 11,000 மாணவர்களை ஒப்பிட்டார்கள். ஓவியங்களைப் பார்த்துப் பேசிவிட்டு வந்த பிள்ளைகளிடம் மாற்றுக் கருத்தைப் பொறுத்துக்கொள்ளும் மனமும், வேறு காலத்து மனிதர்களின் நிலையை உணரும் திறனும் சற்றே கூடியிருந்தன. கூடுதல் சிறிதுதான். ஆனால் கிராமப்புற, ஏழ்மை மிகுந்த பள்ளிகளின் பிள்ளைகளிடம் அது தெளிவாகவே பெரிதாக இருந்தது. ஒரே ஒரு தடவை போய்வந்ததில் கிடைத்த பலன் இது.

குறை என்னவென்றால், நம் பிள்ளைகளுக்கு எதிர்பார்க்கப்படும் விடையைச் சொல்லிப் பழக்கம். கதை முடிந்ததும் நீதி எழுதி வளர்ந்தவர்கள். மூன்றாவது வாரமே "எல்லோரும் சமம் டீச்சர்" என்று கோரஸாகச் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். அதற்குத் தலையாட்டிவிட்டால் பேச்சு அதோடு செத்துப்போகும். ஆகவே இதைத் தொடக்கமாக வைத்துக்கொள்ளலாம், முழுப் பருவத்துக்கும் இதையே நம்பியிருக்க வேண்டாம்.

வரைவது: வண்ணமும் முகமும்

பிள்ளைகள் மனதில் என்ன அச்சு பதிந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள வரைய வைப்பதைவிட நல்ல வழி இல்லை. டேவிட் சேம்பர்ஸ் என்ற ஆய்வாளர் 4,807 பிள்ளைகளிடம் ஒரு விஞ்ஞானியை வரையச் சொன்னார். அதன் முடிவு 1983இல் வெளிவந்தது. பெண் விஞ்ஞானியை வரைந்தவர்கள் 28 பேர், அத்தனை பேரும் சிறுமிகள். பின்னாளில், 2018இல், ஐம்பது ஆண்டுகளில் அமெரிக்காவில் நடந்த இதே வகை ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது பெண் விஞ்ஞானிகளின் பங்கு அண்மைய ஆய்வுகளில் நூற்றுக்கு 28 வரை வந்திருந்தது. உலகம் மாறியபோது படமும் மாறியது. நம் வகுப்பில் "பஸ் ஓட்டுபவர், சமைப்பவர், மருத்துவர், தெரு கூட்டுபவர்" என்று நாலு கட்டம் போட்டு, பெயர் எழுதாமல் வரைந்து தரச் சொல்லலாம். பருவத் தொடக்கத்தில் ஒரு தடவை, முடிவில் ஒரு தடவை. எதாவது அசைந்திருக்கிறதா என்று பார்க்க இது போதும். மார்க் போடாதீர்கள், சுவரில் ஒட்டாதீர்கள்.

இதில் "உன் வீட்டை வரை", "உன் குடும்பத்தை வரை" என்பவற்றை ஒதுக்கிவிடுவது நல்லது. ஓலைக் குடிசையும், அப்பா இல்லாத வீடும், காலனியும் அங்கே அம்பலமாகும். நடுவில் யார் நிறுத்தப்படுகிறார்கள் என்ற கேள்விக்கு இதில் விடை உடனே தெரிந்துவிடும்.

நான் மிகவும் நம்பும் பயிற்சி தோலின் நிறத்தைக் கலப்பது. எந்தப் பள்ளியில் கேட்டாலும் பிள்ளைகள் கிரேயான் டப்பாவிலிருந்து வெளிறிய ரோஜா நிறக் குச்சி ஒன்றை எடுத்து "ஸ்கின் கலர்" என்பார்கள். நாற்பது பேரில் ஒருவர் கை கூட அந்த நிறத்தில் இருக்காது. க்ரயோலா நிறுவனம் அந்த வகைக் குச்சிக்கு வைத்திருந்த "சதை" என்ற பெயரை 1962லேயே மாற்றிவிட்டது. நம் ஊரில் அந்தப் பேச்சு இன்னும் புழங்குகிறது. முகப் பூச்சு விளம்பரமும், பெண் பார்க்கும் படலமும், "கருவாயா" என்ற கூப்பாடும் ஆறு வயதிலேயே பிள்ளைக்குப் பாடமாகிவிடுகின்றன.

செய்முறை எளிது. போஸ்டர் கலரில் சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை மட்டும். கருப்பு டப்பாவை எடுத்துவிடுங்கள். மஞ்சளில் சிவப்பு, பிறகு நீலம் துளி. மர நிறம் வரும். உள்ளங்கைக்கு மேலே, மணிக்கட்டில் ஒரு பொட்டு வைத்துப் பார்க்க வேண்டும். மாட்டுத்தரகர் சுழி பார்ப்பது போல அவ்வளவு கவனமாகப் பார்ப்பார்கள். சிவப்புத் தூக்கல், மஞ்சள் பத்தவில்லை, இன்னும் துளி நீலம் என்று மாற்றிக்கொண்டே போவார்கள். ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்: எல்லார் நிறமும் அதே நாலு டப்பாவிலிருந்துதான் வருகிறது, வெள்ளையை மட்டும் வைத்து எவருடைய தோலையும் செய்ய முடியாது. உள்ளங்கையும் புறங்கையும் ஒரே நிறமில்லை என்பதும் தெரியும். கலந்த நிறத்துக்குப் பெயர் வைப்பதை அவரவரிடம் விட்டுவிடலாம். இதில் எல்லாரும் ஒரே நேரத்தில் நடுவில் இருக்கிறார்கள். டீச்சரும் தன் கையில் பொட்டு வைத்துத் தன் நிறத்தைக் கலக்க வேண்டும், இல்லாவிட்டால் இது பிள்ளைகளுக்கு மட்டுமான சோதனையாகிவிடும். வரிசையாக நிற்கவைத்து யார் கருப்பு, யார் சிவப்பு என்று ஒப்பிடுவதை மட்டும் எக்காரணம் கொண்டும் அனுமதிக்கக் கூடாது.

அடுத்த வாரங்களில் முகம். இரண்டிரண்டு பேராக எதிரெதிரே. முதலில் எல்லாப் பிள்ளையும் கண்ணை மீன் வடிவத்தில் போட்டு, மேலே மயிர் போட்டு, நடுவில் வட்டம் போடும். எதிரில் உட்கார்ந்திருப்பவரைப் பார்க்காமலேயே கை தானாக அதைப் போட்டுவிடுகிறது. அப்போது தாளைப் பார்க்காமல் எதிரில் உள்ள முகத்தை மட்டும் பார்த்துக் கோடு இழுக்கச் சொல்ல வேண்டும். சிரிப்பு வரும், கோடு கோணும். பிறகு இந்தப் பக்கப் புருவத்தில் ஒரு தழும்பு, ஒரு காது சற்றே பெரிது, சிரிக்கும்போது மட்டும் குழி விழுகிறது என்று ஒவ்வொன்றாகக் கண்ணில் படும். பக்கத்தில் உட்காராத இருவரைச் சேர்த்து உட்காரவைக்க இதைவிட இயல்பான சாக்கு கிடைக்காது. மொழி தேவையில்லை என்பது கூடுதல் வசதி. திருப்பூரிலும் ஓசூரிலும் சென்னைப் புறநகரிலும் ஒடிசா, பீகார் பிள்ளைகள் நம் வகுப்புகளில் இருக்கிறார்கள். "வடக்கன்" என்ற ஒற்றைச் சொல்லில் அடைக்கப்பட்ட பிள்ளை இங்கே ஒரு தழும்பும் ஒரு பெயரும் உள்ளவனாகிறான்.

நாடகம்: பலனும் அதிகம், ஆபத்தும் அதிகம்

பரிவு வளர்வதற்கு நடிப்புக்கு இணை இல்லை என்பார்கள். ஓரளவு சான்றும் இருக்கிறது. தாலியா கோல்ட்ஸ்டைனும் எலன் வின்னரும் 2012இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு கல்வியாண்டு நடிப்புப் பயிற்சி பெற்ற பிள்ளைகளின் ஒத்துணர்வு, ஓவியமோ இசையோ கற்றவர்களைவிடக் கூடியிருந்தது. ஒரு கல்வியாண்டு என்பதைக் கவனியுங்கள். ஆண்டு விழாவுக்குப் பத்து நாள் ஒத்திகை பார்த்த நாடகத்துக்கு இந்தப் பலனை எதிர்பார்க்க முடியாது.

வகுப்புக்குப் பொருந்தும் வடிவம் பிரேசில் நாட்டின் அகுஸ்தோ போவால் உருவாக்கிய விவாத அரங்கு. பெரு நாட்டில் 1973இல் எழுத்தறிவுத் திட்டத்தில் வேலை செய்தபோது வளர்த்தெடுத்தது. மேற்கு வங்கத்தில் 1985இல் தொடங்கப்பட்ட ஜன சம்ஸ்கிருதி குழு கிராமங்களில் அதைச் செய்துவருகிறது. ஒரு சின்ன நாடகம், அநியாயத்தில் முடியும். மறுபடி ஆடுவார்கள். பார்ப்பவர் யாரும் "நிறுத்து" என்று சொல்லி, பாதிக்கப்பட்டவர் இடத்தில் தானே வந்து வேறு மாதிரி செய்து பார்க்கலாம். ஆட்டத்துக்கும் கூட்டத்துக்கும் நடுவே நின்று கேள்வி கேட்பவரை போவால் ஜோக்கர் என்றார். நம் கூத்தில் கட்டியங்காரன் செய்வதும் ஏறத்தாழ அதுதான். ராஜாவையே கேலி செய்வான், சட்டென்று திரும்பி நம்மிடம் பேசுவான். கூத்து தெரிந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு இந்த வேலையை விளக்கவே வேண்டாம்.

ஒரு காட்சி. மதிய உணவு நேரம், மூன்று பேர் வட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள். நான்காவதாக ஒரு பிள்ளை தட்டோடு வருகிறது. "இங்க இடமில்ல." இடம் இருக்கிறது. வந்த பிள்ளை தூணோரம் போய்த் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறது. அவ்வளவுதான் நாடகம். போவாலின் விதிப்படி தட்டோடு வந்த பிள்ளையின் இடத்தில்தான் ஆள் மாற வேண்டும். பள்ளியில் நான் அந்த விதியை மாற்றச் சொல்வேன். ஒதுக்கப்பட்டவன் சாமர்த்தியமாக நடந்துகொண்டால் ஒதுக்கல் தீர்ந்துவிடும் என்ற எண்ணம் பிள்ளைகள் மனதில் விழக் கூடாது. மாற வேண்டியது வட்டத்தில் இருந்துகொண்டு ஒன்றும் சொல்லாமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த மூன்றாவது பிள்ளை. அந்த இடத்துக்கு வருபவர் முதலில் சண்டைக்குப் போவார். அடுத்தவர் டீச்சரிடம் சொல்லப் போவார். இன்னொருவர் தன் தட்டை எடுத்துக்கொண்டு தூணோரம் போய் உட்காருவார். ஒவ்வொன்றுக்குப் பிறகும் மற்ற இருவரும் என்ன செய்கிறார்கள் என்று ஆடிப் பார்க்க வேண்டும். வகுப்பில் பெரும்பாலானவர்கள் அந்த மூன்றாவது பிள்ளையாகத்தான் இருக்கிறார்கள். அவர்களுக்குத்தான் இந்த ஒத்திகை தேவை.

யாரை எந்த வேடத்துக்குப் போடுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒதுக்கப்படும் பிள்ளையை ஒதுக்கப்படுபவராகவே நடிக்க வைப்பது கொடுமை. காட்சியில் சாதிப் பெயர், ஊர்ப் பெயர், மொழி எதுவும் வேண்டாம். ஏன் இடமில்லை என்றார்கள் என்று பார்ப்பவர்களே சொல்லட்டும். வாய்ப்பிருந்தால் ஆண் வேடம் பெண் பிள்ளைக்குப் போகட்டும். காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கலில் பி. ராஜகோபாலும் ஹன்னே டி புருயினும் 2002இல் தொடங்கிய கட்டைக்கூத்து குருகுலத்தில், ஆண்களே ஆடிவந்த கூத்தைப் பெண் பிள்ளைகளும் வேடம் கட்டி ஆடினார்கள்.

பருவம் முழுக்க ஒரே ஆள், முன்பே பயிற்சி எடுத்தவர், ஒவ்வொரு வாரமும் வருவார் என்ற உறுதி இல்லாவிட்டால் விவாத அரங்கைத் தொடங்கவே வேண்டாம். பாதியில் விட்ட நாடகம் கிளப்பிய புண்ணை ஆற்ற ஆள் இருக்காது. வெளிக் குழுவை ஒரு நாள் அழைத்து நாடகம் போடுவது வேறு விஷயம். பிள்ளைகளுக்கு நல்லதுதான். ஆர்கன்சாவில் அதே ஆய்வாளர்கள், மேடை நாடகம் நேரில் பார்த்த மாணவர்களிடமும் சகிப்பும் பிறர் உணர்வைப் படிக்கும் திறனும் கூடியதைக் கண்டார்கள். வேலு சரவணன் போன்றவர்களின் குழந்தைகள் நாடகம் ஊருக்கு வந்தால் பிள்ளைகளை அழைத்துப் போங்கள்.

சேர்ந்து கொட்டுவது

கூட்டு இசைக்கு ஒரு தனி பலம். பேச வேண்டியதே இல்லை. கேம்பிரிட்ஜில் தால்-சென் ராபினோவிச் குழுவினர் 8 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு கல்வியாண்டு கூட்டு இசைப் பயிற்சி கொடுத்து, அவர்களின் ஒத்துணர்வு கூடியதை 2013இல் வெளியிட்டார்கள். நம்மிடம் அதற்குப் பறை இருக்கிறது. திண்டுக்கல்லில் அருட்சகோதரி சந்திரா 1990இல் தொடங்கிய சக்தி கலைக்குழுவில் தலித் பெண்கள் பறையை எடுத்தபோது, சாவு வீட்டு மேளம் என்ற முத்திரையும் ஆண்களின் கருவி என்ற முத்திரையும் சேர்ந்து ஆட்டம் கண்டன. 2025இல் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

வலது கையில் அடிக்குச்சி, இடது கையில் சிண்டுக்குச்சி, தோளில் கயிறு, தீயில் காட்டிச் சூடேற்றிய தோல், உடம்போடு ஒட்டி நிற்கும் கருவி. அந்தத் தோலைத் தொடுவதையே தீட்டாக நினைக்கிற வீட்டுப் பிள்ளை அதைத் தொட்டு, முதல் அடி சரியாக விழாமல், பக்கத்துப் பிள்ளையின் கையைப் பார்த்துத் திருத்திக்கொள்ளும்போது நடப்பதை எந்தச் சொற்பொழிவும் செய்யாது. ஆனால் இரண்டு விஷயத்தில் கறாராக இருக்க வேண்டும். "உங்க வீட்ல அடிப்பாங்கள்ல, நீ எடு" என்று ஒரு பிள்ளையிடம் முதலில் கருவியை நீட்டிவிட்டால் அத்தனையும் பாழ். எல்லாரும் எடுக்க வேண்டும், அல்லது யாரும் வேண்டாம். இரண்டாவது, கற்றுத் தருபவர் ஆசானாக வர வேண்டும். ஆசிரியர்கள் உட்காரும் நாற்காலி, பேசிய மதிப்பூதியம், மரியாதையான விளிப்பு. விழா அன்று மட்டும் கூப்பிட்டு வாசலில் அடிக்கவிட்டு அனுப்புவது பழைய வழக்கத்தின் தொடர்ச்சி. ஹூஸ்டன் நகரில் 42 பள்ளிகளில், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களிடம் நடந்த ஆய்வில், வெளிக் கலைஞர்கள் பள்ளியோடு தொடர்ந்து சேர்ந்து வேலை செய்தபோது பிறர் மீதான பரிவு கூடியது, ஒழுங்கு நடவடிக்கைகள் குறைந்தன. தொடர்ச்சிதான் அங்கே வேலை செய்தது.

பெற்றோரில் சிலர் எதிர்ப்பார்கள். தலைமையாசிரியர் முதல் நாளே பக்கத்தில் நிற்காவிட்டால் தொடங்க முடியாது. வேறு வேறு பிரிவினர் பழகும்போது வெறுப்பு குறைய என்னென்ன வேண்டும் என்று உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட் 1954இல் எழுதிய நிபந்தனைகள் இன்றும் பொருந்துகின்றன: சமமான இடம், பொது நோக்கம், சேர்ந்து உழைப்பது, மேலே உள்ளவர்களின் வெளிப்படையான ஆதரவு.

கேமராவைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் வெண்டி எவால்ட் போன்றவர்கள் பிள்ளைகள் கையில் கேமராவைக் கொடுத்து அருமையான வேலை செய்திருக்கிறார்கள். எடுப்பவர் பிள்ளையாக இருக்கும்போது "ஏழைப் பிள்ளைகள்" என்ற வழக்கமான படம் மாறிவிடுகிறது. ஆனால் ஆறாம் வகுப்பில், கைப்பேசியில் எடுத்த படம் மாலைக்குள் எந்த வாட்ஸ்அப் குழுவுக்குப் போகும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. ஒன்பதாம் வகுப்புக்கு மேல் வைத்துக்கொள்ளலாம்.

என் தேர்வு

பயிற்சி பெற்ற ஆள் இல்லாத, பகுதிநேர ஓவிய ஆசிரியரும் இல்லாத பள்ளிக்கு: முதல் இரண்டு வாரம் படம் பார்த்துப் பேசுவது, பிறகு நிறம் கலப்பது, பிறகு முகம். பருவம் முழுக்க இதுவே போதும். முகம் வரைவதில் ஒவ்வொரு வாரமும் இணையை மாற்றிக்கொண்டே வந்தால் பருவம் முடிவதற்குள் ஒவ்வொரு பிள்ளையும் ஏழெட்டுப் பேர் முகத்தை நெருங்கிப் பார்த்திருக்கும். நாடகம் தெரிந்த, நிலையாக வரக்கூடிய ஒருவர் இருந்தால் நாலாவது வாரத்திலிருந்து விவாத அரங்கு. மொழி தெரியாத பிள்ளைகள் பலர் இருக்கும் வகுப்பு என்றால் நாடகத்துக்குப் பதில் இசை. கயிறும் குழுவும் ஏற்கெனவே முறுக்கிக்கொண்டு நிற்கும் பள்ளியில் சாதியைத் தொடும் நாடகத்தை முதல் பருவத்தில் எடுக்காதீர்கள். அங்கேயும் நிறமும் முகமும்தான் முதலில். போட்டியாக மட்டும் எதையும் ஆக்காதீர்கள். கலைத் திருவிழாவுக்கு ஆள் தேர்ந்தெடுப்பதை வேறு நாளில் வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. ஒரு பிள்ளை தன்னைத் தொந்தரவு செய்கிறார்கள் என்று புகார் சொன்னால் அதற்கு விடை ஓவிய வகுப்பு ஆகாது. விசாரணை வேண்டும், பாதுகாப்பு வேண்டும், தொந்தரவு செய்தவர்களின் பெற்றோரைக் கூப்பிட்டுப் பேச வேண்டும். அதைச் செய்யாத பள்ளியில் இந்த ஐந்தில் எதைச் செய்தாலும் புகார் சொன்ன பிள்ளை அதை நம்பாது.

பள்ளி மேலாண்மைக் குழுவில் இதை முன்வைக்கும்போது நிறம் கலக்கும் வகுப்பையே முதலில் காட்டுங்கள். பெற்றோரும் தங்கள் மணிக்கட்டில் பொட்டு வைத்துப் பார்க்கட்டும். பிள்ளைகள் என்ன செய்யப்போகிறார்கள் என்று அவர்களுக்கு அதற்கு மேல் விளக்க வேண்டியிருக்காது. நாலு டப்பா போஸ்டர் கலர், பழைய தட்டுகள், ஆளுக்கொரு தூரிகை. ஜூலைக்குள் கேட்டுவிட்டால் காலாண்டுத் தேர்வுக்கு முன்பே தொடங்கிவிடலாம்.